கப்பலூரில் பூட்டிக்கொண்ட லேப்டாப்

புதிதாக சிஸ்டம் அட்மின் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஒரு காலைப்பொழுதைப் பற்றிச் சொல்லப் போகிறேன். என் சர்வீஸில் எத்தனையோ சர்வர்கள் புகைந்திருக்கின்றன. எத்தனையோ ஹார்டிஸ்க்குகள் என் கண்முன்னேயே உயிரை விட்டிருக்கின்றன. அப்போதெல்லாம் வராத படபடப்பு ஒரே ஒரு லேப்டாப்பின் லாகின் திரைக்கு முன்னால் வந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இப்போதுகூட அதை நினைத்தால் உட்கார முடிவதில்லை. எழுந்து வீட்டுக்குள் இரண்டு நடை நடந்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் சின்னதாக சர்வீஸ் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தேன். கப்பலூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்று எங்களுக்குப் புது வாடிக்கையாளராக வந்திருந்தது. அதுவரை அது கோயம்புத்தூர்க் குழுமம் ஒன்றின் கிளை. லாபம் போதவில்லை, மூடிவிடலாம் என்று மேலிடம் முடிவெடுத்தபோது, கிளை மேலாளர் மொக்கச்சாமி, "மூட வேணாம், எங்ககிட்ட குடுங்க, நாங்க ஓட்டிக்கிறோம்" என்று கூட வேலை செய்தவர்களைச் சேர்த்துக்கொண்டு அதை விலைக்கு வாங்கிவிட்டார். அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்து மனிதர். தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிறவர் முதல் இன்ஜினீயர் வரை எல்லோருக்கும் அவர் 'அண்ணே'தான்.

பிரிந்து வந்த முதல் வாரம். அன்றைக்கு மதியத்துக்கு மேல் போய் அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். காலையிலேயே போன் வந்துவிட்டது.

"வசந்திக்கா, நான் நஸ்ரீன் பேசுறேன். லேப்டாப் என்னைய யாருன்னே தெரியாதுங்குது."

நஸ்ரீன் அங்கே டிசைன் இன்ஜினீயர். தெற்குவாசல் பக்கத்துப் பெண். சாதாரணமாக அவள் பேசினால் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் வைக்க வேண்டும், அவ்வளவு சத்தம். அன்றைக்குக் குரல் உள்ளே போயிருந்தது.

"என்னம்மா செஞ்ச?"

"கோயம்புத்தூர்லேருந்து மெயில் வந்துச்சுக்கா. டொமைன்லேருந்து வெளிய வந்துருங்கன்னு. எப்படி வெளிய வரணும்னு படம் போட்டு அனுப்பியிருந்தாங்க. அப்படியே செஞ்சேன். ரீஸ்டார்ட் கேட்டுச்சு, குடுத்தேன். இப்ப என் பேரு, பாஸ்வேர்டு எதைப் போட்டாலும் தப்புங்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் இந்த வேலைக்கு வெளியே இருப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்காகச் சொல்கிறேன். டொமைன் என்பது ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி. கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரு சர்வரின் பேச்சைக் கேட்டு நடக்கும். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பதை அந்த சர்வர்தான் தீர்மானிக்கும். நஸ்ரீன் என்றொருத்தி இருக்கிறாள் என்பதே லேப்டாப்புக்கு அந்த சர்வர் சொல்லித்தான் தெரியும். குடும்பத்தை விட்டு வெளியே வந்ததும் லேப்டாப்புக்கு அவளைத் தெரியவில்லை. வெளியே வருவதற்கு முன்னால், அந்த லேப்டாப்புக்குள்ளேயே தனியாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி வைத்திருக்க வேண்டும். மெயில் எழுதியவர் அந்த ஒரு வரியை விட்டுவிட்டார்.

"சரி, பதறாத. மதியம் வாரேன்" என்றேன்.

"மதியம் வேணாம்க்கா. இப்பவே வாங்க. மும்பைக்காரங்க ஃபிளைட் ஏறிட்டாங்க."

அப்போதுதான் விஷயம் முழுதாக வெளியே வந்தது. சொட்டுநீர்க் குழாய்க்கு ஒரு வடிகட்டியை நஸ்ரீன் வடிவமைத்திருந்தாள். மண்ணும் பாசியும் அடைத்துக்கொண்டால் கழற்ற வேண்டியதில்லை. கையால் ஒரு திருகு திருகினால் அழுக்கு தானாக வெளியே போய்விடும். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றில் மாதிரியை மாட்டிப் பார்த்து, அதில் கண்ட குறைகளைச் சரிசெய்து, மறுபடி மாட்டிப் பார்த்து, அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கோயம்புத்தூரில் அதை யாரும் சீந்தவில்லை. மும்பையில் ஒரு பெரிய பாசனக் கம்பெனி மட்டும், நேரில் வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தது. அவர்கள் வரும் நாள்தான் அன்றைக்கு. கடைசியாகத் திருத்திய வடிவம் அந்த லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் இல்லை. பிரிகிற அவசரத்தில் பழைய சர்வருக்கும் அது போகவில்லை, புதிதாக ஒரு நகலும் எடுக்கவில்லை.

புதிதாக ஆரம்பித்த தொழிற்சாலைக்குச் சொந்தமாகக் கிடைக்கவிருக்கும் முதல் ஆர்டர் அது. அது கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு இயந்திரங்களுக்கு வேலை இல்லை. இயந்திரத்துக்கு வேலை இல்லையென்றால் மனிதர்களுக்கும் இல்லை.

"நஸ்ரீன், லேப்டாப்ல இருந்து கையை எடு. நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பழங்காநத்தத்தில் நெரிசல், பசுமலையில் அதைவிட நெரிசல். திருநகரைத் தாண்டும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து போனது. அது மும்பை விமானமாக இருக்காது, அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஸ்கூட்டரை முறுக்கினேன்.

நான் உள்ளே நுழைந்தபோது லேப்டாப்பில் லாகின் திரை இல்லை. திரை முழுக்க நீலம். அதில் நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்ற ஒரு வாசகம்.

அறையில் மூன்று பேர். நகத்தைக் கடித்தபடி நஸ்ரீன். இடுப்பில் கைவைத்து நிற்கும் மொக்கச்சாமி அண்ணன். மூன்றாவது ஆளை அப்போதுதான் பார்க்கிறேன். அண்ணனின் அக்கா மகன் பாண்டி. நாற்பது வயதிருக்கும். திருமங்கலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அண்ணன்தான் அவரையும் வரச் சொல்லியிருக்கிறார். பூட்டைத் தாண்டி உள்ளே போக அவர் கொண்டுவந்த பென்டிரைவ் ஒன்று லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகியிருந்தது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்களில் பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுவீர்கள். "யாரு இதைச் செஞ்சது? தொடாதீங்கன்னு சொன்னேன்ல!" என்று கத்த எனக்கும் நாக்கு துடித்தது. பாண்டியின் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. கத்தினால் அந்த மனிதர் என்ன செய்வார்? 'நான் ஒண்ணும் பண்ணலையே' என்பார். எனக்கு அப்போது தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். எதையெல்லாம் மாற்றினார் என்ற முழு உண்மை. திட்டு வாங்குகிற மனிதரிடமிருந்து முழு உண்மை வராது.

ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன். "உங்க எடத்துல நான் இருந்தாலும் இதைத்தாண்ணே முயற்சி பண்ணியிருப்பேன். பென்டிரைவ் போடுறதுக்கு முன்னாடி, லேப்டாப்பு ஆரம்பிக்கிற செட்டிங்ஸ்ல போயி என்னென்ன மாத்துனீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்றேன்.

அவர் மாமாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கடகடவென்று சொல்ல ஆரம்பித்தார். பென்டிரைவ் முதலில் ஓடட்டும் என்று வரிசையை மாற்றியது, பாதுகாப்புக்கான ஓர் அமைப்பை நிறுத்தியது, கடைசியாக இன்னொன்று. "அது என்னான்னு எனக்கே சரியாத் தெரியாதுங்க. குறுக்க நின்னுச்சு, அதையும் நிறுத்திட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அந்த வகை லேப்டாப்பில் உள்ளிருக்கும் வட்டு முழுவதும் சங்கேதமாகப் பூட்டப்பட்டிருக்கும். தன் உடம்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அது பயந்துபோய் மீட்பு எண்ணைக் கேட்கும். மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்துவிட்டால் பெரும்பாலும் பயம் தெளிந்துவிடும். பென்டிரைவை உருவினேன். பாண்டியே ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். மூன்றாவதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நஸ்ரீன் ஓதிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. முழுதாக அணைத்து, மறுபடி போட்டோம்.

கறுப்புத் திரை. புள்ளிகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. அப்புறம் அமைதியாக, எதுவுமே நடக்காதது போல, பழைய லாகின் திரை வந்தது.

"வந்துருச்சுடா மாப்ள!" என்று அண்ணன் பாண்டியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நாங்கள் புறப்பட்ட இடத்துக்குத்தான் திரும்பி வந்திருந்தோம். ஆனாலும் ஒரு பெரிய கண்டம் தப்பியது போலிருந்தது.

இனி உள்ளே போக வழி ஒன்றுதான். கோயம்புத்தூர்க்காரர்கள் ஒவ்வொரு லேப்டாப்பிலும் தங்களுக்கென்று ஒரு நிர்வாகக் கணக்கு வைத்திருப்பார்கள். லேப்டாப் டொமைனை விட்டு வந்தாலும் அந்தக் கணக்கு உள்ளேயே இருக்கும். அதன் கடவுச்சொல் லேப்டாப்புக்கு லேப்டாப் வேறாக இருக்கும், அது அவர்கள் சர்வரில் பதிவாகியிருக்கும். அது கிடைத்தால் போதும்.

கோயம்புத்தூர்க் கம்பெனியின் உதவிக்கான எண்ணை அழைத்தேன். பணியாளர் எண் என்ன என்று கேட்டார்கள். நஸ்ரீனுக்கு இப்போது பணியாளர் எண் கிடையாது. அப்படியானால் இணையதளத்தில் புகார் பதியுங்கள் என்றார்கள். புகார் பதிய அந்த இணையதளத்துக்குள் லாகின் செய்ய வேண்டும். லாகின் செய்ய முடியவில்லை என்பதுதானே புகார்! அந்தப் பதற்றத்திலும் நஸ்ரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து எனக்கும் வந்தது.

மூன்று பேர் கைமாறி, கடைசியில் கார்த்திகேயன் என்பவர் பேசினார். அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"மேடம், உங்க லேப்டாப்புகளோட பதிவுகளை இன்னைக்குக் காலைலதானுங்க அழிச்சோம். திருப்பி எடுக்க முடியும், அது ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்க. ஆனா நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்களே. போன்ல ஒருத்தர் கூப்பிட்டு பாஸ்வேர்டு கேட்டா நான் எப்படிங்க குடுக்கிறது?"

அண்ணன் போனைப் பிடுங்கிப் பேச வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. அவசரம் நம்முடையது. அதற்காக இன்னொருவர் தன் பொறுப்பைத் தளர்த்த வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நாளைக்கு உங்களுக்கும் இப்படியொரு போன் வரும். அழுகிற குரலாகக்கூட இருக்கும். அப்போது நீங்களும் கார்த்திகேயன் மாதிரிதான் கேட்க வேண்டும்.

"நீங்க கேட்கிறது சரிதாங்க. உங்களுக்கு என்ன தெரிஞ்சா நம்புவீங்க, சொல்லுங்க. அதைச் செய்றோம்" என்றேன்.

"லேப்டாப்புக்கு அடியில இருக்கிற எண்ணைப் படிங்க. அப்புறம் போனை வச்சிருங்க. தொழிற்சாலையோட தரைவழி எண் எங்ககிட்ட இருக்குது, அதுல நானே கூப்பிடறேன். ஆனா கடைசியா ஒண்ணுங்க. எங்க டைரக்டர் ஒரு வார்த்தை சொல்லணும். அவர் சொல்லாம நான் குடுத்தா என் வேலை போயிருமுங்க."

எண்ணைப் படித்தோம். போனை வைத்தோம். அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"அவர்கிட்ட நான் பேச மாட்டேன்."

"அண்ணே..."

"இல்ல தாயி. கடைசி நாள் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் என்ன சொன்னாரு தெரியுமா? 'மொக்கச்சாமி, மூணு மாசத்துல திரும்பி வந்து என் ரூம் வாசல்ல நிப்ப'ன்னாரு. மூணு மாசம் இல்ல, மூணு நாளுலயே போயி நிக்கச் சொல்றியா?"

வெளியே அச்சு இயந்திரம் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரிந்தவள் நான். ஒரு மனிதரின் ரோஷத்தைத் திறக்க என்னிடம் என்ன சாவி இருக்கிறது?

நஸ்ரீன் எழுந்தாள். அவளுடைய உண்மையான குரல் அப்போதுதான் திரும்பி வந்தது.

"அண்ணே, கம்பெனிய மூடப்போறாங்கன்னு சொன்னப்ப எங்க அத்தா என்னைய சென்னைக்கு வேலைக்குப் போகச் சொன்னாரு. ஆஃபரும் இருந்துச்சு. நீங்க எங்க வீட்டுக்கே வந்து அத்தாகிட்ட பேசுனீங்க. 'உங்க பொண்ணு போட்ட டிசைனை நம்பித்தான் நான் எறங்குறேன்'னு சொன்னீங்க. எங்க அத்தா யாரு சொல்லியும் கேக்காத ஆளு. நீங்க சொன்னதுக்குத் தலையாட்டுனாரு. அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல நின்னு கேக்க உங்களுக்குக் கூச்சமா இருந்துச்சா?"

அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எங்கள் எல்லோர் முன்னாலேயும் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். ஏன் ஸ்பீக்கரில் போட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தனியாக அந்தக் குரலைக் கேட்க அவருக்குத் தெம்பு இல்லையோ என்னவோ.

"என்ன மொக்கச்சாமி?" என்றது அந்தப் பக்கம்.

"சார், வணக்கம். ஒரு லேப்டாப்பு பூட்டிக்கிச்சு. பாஸ்வேர்டு உங்க ஆள்ககிட்ட இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்." அவ்வளவுதான். சுற்றி வளைக்கவில்லை.

"அதுல என்ன இருக்குது?"

"நஸ்ரீன் பாப்பா செஞ்ச வடிகட்டி. இன்னைக்கு அதைப் பாக்க ஆள் வாராக."

அண்ணன் போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. கேலிச் சிரிப்பில்லை.

"வீட்டை வித்துட்டு சாவிய நானே வச்சுக்கிட்டா அது வித்த மாதிரி ஆகுமாய்யா? இதுக்கா இம்புட்டு யோசிச்ச? கார்த்திகிட்ட சொல்லிடறேன். வை போனை."

மதுரைப் பேச்சு தனக்கும் வரும் என்று காட்டத்தானோ என்னவோ, அந்தக் கோயம்புத்தூர் மனிதர் 'இம்புட்டு' என்று சொன்னது அண்ணனுக்கு உறைத்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத்தான் துடைத்தார் என்று நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

சற்று நேரத்தில் தரைவழி எண் அலறியது. கார்த்திகேயன்! கணக்கின் பெயரைச் சொன்னார். பிறகு கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்ல, நஸ்ரீன் தட்டினாள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்த நீளமான சரம். என்டர் தட்டினாள்.

தவறு.

மறுபடி சொன்னார். மறுபடி தட்டினாள். தவறு.

அண்ணனின் போன் அடித்தது. விமான நிலையத்தில் காத்திருந்த டிரைவர். "அண்ணே, அவங்க வெளிய வந்துட்டாங்க. கார்ல ஏத்திட்டேன்." விமான நிலையத்திலிருந்து கப்பலூர் எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

"அவரு தப்பான பாஸ்வேர்டைச் சொல்றாரு. வேணும்னே சொல்றாங்க" என்றார் பாண்டி.

நஸ்ரீன் மூன்றாவது தடவை தட்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். சில தடவைக்கு மேல் தவறினால் அந்தக் கணக்கே பூட்டிக்கொள்ளும் விதி கோயம்புத்தூரில் இருந்தது. டொமைனை விட்டு வந்தாலும் அந்த விதி லேப்டாப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். நேரம் ஓடும்போதுதான் கை ஒரே தவறை மறுபடி மறுபடி செய்யும், போன தடவையைவிட வேகமாக. அந்த வேளையில் நிறுத்துவதற்குப் பெரிய அறிவெல்லாம் வேண்டாம். நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

கடவுச்சொல் தட்டும் இடத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். நாம் என்ன தட்டினோம் என்று தெரியாது. தெரிகிற இடம் ஒன்று இருக்கிறது, பெயர் தட்டும் கட்டம்.

"நஸ்ரீன், பேரை அழி. பேரு போடுற எடத்துல அந்தப் பாஸ்வேர்டைத் தட்டு. என்டர் மட்டும் தட்டிராத. என்ன விழுகுதுன்னு பாப்போம்."

ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. சரி, சரி, சரி. நடுவில் @ வர வேண்டிய இடம். அவள் சரியான விசையைத்தான் அழுத்தினாள். திரையில் இரட்டை மேற்கோள் குறி விழுந்தது.

"யா அல்லாஹ்!" என்று அவள் கத்திய கத்தலில் கோயம்புத்தூரில் கார்த்திகேயன் போனைத் தவறவிட்டிருப்பார்.

லாகின் திரையில் மட்டும் விசைப்பலகை பிரிட்டிஷ் அமைப்பில் இருந்தது. அதில் இந்த இரண்டு குறிகளும் இடம் மாறியிருக்கும். நஸ்ரீனின் பழைய கடவுச்சொல்லில் அந்தக் குறி கிடையாது, அதனால் லாகின் திரையில் அது இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. திரையின் மூலையில் இருந்த சின்ன எழுத்தை அழுத்தி அமைப்பை மாற்றினேன். கட்டத்தை அழித்துவிட்டுப் பெயரைப் போட்டாள். கடவுச்சொல்லை இந்த முறை மெதுவாக, கார்த்திகேயனோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். என்டர்.

வரவேற்கும் வாசகம் வந்தது! பாண்டி விசிலே அடித்துவிட்டார்.

டெஸ்க்டாப் திறந்ததும் அந்தச் சத்தம் அடங்கியது. திரை துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. ஒரு கோப்புகூட இல்லை.

"எல்லாம் போச்சுக்கா" என்றாள் நஸ்ரீன், மிக மெதுவாக.

"ஒண்ணும் போகல. இது வேற ஆளோட அறை. உன் அறை பக்கத்துல இருக்கு" என்றேன். வட்டைத் திறந்து, பயனர்களின் கோப்புறைகளுக்குள் போனேன். அவள் பெயரில் ஒன்று இருந்தது. சொடுக்கினால் அனுமதி இல்லை என்றது. தொடரவா என்றும் கேட்டது. தொடர் என்று அழுத்தினேன். பச்சைப் பட்டை ஊர்ந்தது. வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரவேற்க ஓடினார். ஓடியவர் வாசலில் நின்று திரும்பி, "இருக்கா?" என்றார்.

இருந்தது. வடிகட்டி, அதன் மூடி, திருகு, உள்ளே சுழலும் வலை, கொடிக்காலில் எடுத்த படங்கள் உட்பட எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

"இருக்குண்ணே! போங்க, கூட்டிட்டு வாங்க!"

அண்ணன் அவர்களுக்கு இளநீர் கொடுத்து, இயந்திரங்களைச் சுற்றிக் காட்டி, நேரத்தை இழுத்தார். அதற்குள் நாங்கள் நஸ்ரீனுக்குத் தனியாக ஒரு கணக்கு உருவாக்கி, கோப்புகளை அதற்கு மாற்றி, முதல் வேலையாக வெளியே ஒரு நகலும் எடுத்துவிட்டோம். மும்பையிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதிகம் பேசாதவர். பெரிய திரையில் வடிகட்டி சுழல்வதை நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்தப் பேசாதவர், "எங்கள் குழாய் இதைவிட அகலம். வாயை அகலமாக்கினால் உள்ளே அழுத்தம் தாங்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நஸ்ரீன் அவர் கண்முன்னாலேயே அளவை மாற்றி, சுவரைத் தடிமனாக்கி, அழுத்தக் கணக்கை ஓடவிட்டுக் காட்டினாள். படங்களை அச்சடித்து வைத்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்காது. அவர் தன் கூட வந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். சோதனைக்கு ஒரு முதல் ஆர்டர் தருகிறோம் என்றார்கள். அவர்களை அண்ணன் சாப்பிட அழைத்துப் போனார்.

நாங்கள் மூன்று பேரும் அறைக்குள்ளேயே குதித்தோம். ஆமாம், குதித்தோம். அந்த வயதில் நான் குதித்ததை இப்போது சொன்னால் என் மகன் நம்புவதில்லை.

அந்தச் சத்தம் கேட்டு அக்கவுன்ட்ஸில் வேலை பார்க்கும் செல்வி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, சந்தோஷமா இருக்கீங்க? எங்களுக்கும் அந்தக் கோயம்புத்தூர் மெயில் வந்திருக்கு. எல்லாரும் சாப்பிட்டு வந்து செய்யலாம்னு இருந்தோம். இப்ப செஞ்சுட்டு இருக்காங்க."

கேட்ட மாத்திரத்தில் ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றுவிட்டது. அக்கவுன்ட்ஸ், ஸ்டோர்ஸ், டிஸ்பேட்ச் எல்லாம் ஒரே கூடத்தில் இருந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு, "யாரும் ரீஸ்டார்ட் குடுக்காதீங்க! கையைத் தூக்குங்க!" என்று கத்தினேன். கூடமே இரண்டு கையையும் தூக்கியது. ஸ்டோர்ஸில் இருந்த பெரியவர் ஒருவர் தயிர்சாத டப்பாவோடு சேர்த்துத் தூக்கினார். அவர் திரையில், இப்போது ரீஸ்டார்ட் செய்யவா என்று கேட்கும் சின்னப் பெட்டி காத்துக்கொண்டிருந்தது. அவரும் டொமைனை விட்டு வெளியே வந்துவிட்டார். ரீஸ்டார்ட் மட்டும்தான் மிச்சம்.

"நல்லவேளைம்மா, ஊறுகாய் கையோட தொட வேணாமேன்னு நின்னேன்" என்றார்.

மெஷினை அப்படியே விட்டு, அதற்குள்ளேயே அவர் பெயரில் ஒரு கணக்கு உருவாக்கினோம். அதற்கு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் வேண்டியபோது, தரைவழி எண்ணில் கார்த்திகேயன் மறுபடி வந்தார். இந்த முறை யார், என்ன என்று கேட்கவில்லை. "மெயில்ல அந்த ஒரு வரியை விட்டது நான்தானுங்க. எல்லா மெஷினும் முடியற வரைக்கும் போனை வைக்க மாட்டேன்" என்றார். வைக்கவும் இல்லை. ஒவ்வொரு மேசையாகப் போனோம். முதலில் உள்ளே ஒரு கணக்கு, அதில் ஒரு தடவை நுழைந்து பார்ப்பது, கோப்புகளுக்கு ஒரு நகல். அதற்குப் பிறகுதான் டொமைனை விட்டு வெளியே வருவது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பாண்டி, ஒரு பக்கம் நஸ்ரீன்.

உங்களுக்கு இதில் சொல்ல வேண்டியதெல்லாம் நடந்ததிலேயே இருக்கிறது. தனியாக எடுத்துச் சொன்னால் என் குரல் எனக்கே பிரசங்கம் மாதிரிக் கேட்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். எந்த லேப்டாப்பை டொமைனிலிருந்து பிரித்தாலும், உள்ளே போக இன்னொரு வழி இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. அந்த வழியில் ஒரு தடவை நுழைந்து பார்த்த பிறகு பிரியுங்கள்.

கடைசி மேசை அண்ணனுடையது. விருந்தினர்களைச் சாப்பிட வைத்து, வழியனுப்பிவிட்டு வந்திருந்தார். அவருடைய லேப்டாப்பை நஸ்ரீனே பிரித்தாள். ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் நாற்காலியை அவருக்கு விட்டு எழுந்தாள். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடிப் பாஸ்வேர்டைத் தட்டினார். கூடமே அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. தரைவழி போனில் கார்த்திகேயன், "ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திரை திறந்தது. அண்ணன் ரிசீவரை வாங்கி, வாய்க்கு நேராகப் பிடித்து, அந்தக் கட்டடத்துக்கே கேட்கும்படிச் சொன்னார்:

"ஆச்சுப்பா! நாங்க உள்ள வந்துட்டோம்!"